ஒரு டெதர் விற்பனையும் முடங்கிய வங்கிக் கணக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது கோவையில் உள்ள எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு 2024 நவம்பரில் வந்த ஒரு விவகாரம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் சில தொகைகளையும் மாற்றியிருக்கிறோம். நடந்த வரிசையும் எடுத்த முடிவுகளும் அப்படியே இருக்கின்றன. கிரிப்டோ வாங்கலாமா கூடாதா என்பதற்குள் இந்தப் பதிவு போகவில்லை. சட்டப்படி தடை இல்லாத ஒன்றை விற்றவரின் மொத்தச் சேமிப்பும் எப்படி ஒரே நாளில் கைக்கு எட்டாமல் போனது, எப்படித் திரும்பியது என்பதே விஷயம்.

பின்னணி

அவருக்கு 31 வயது. செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவர். எந்தக் கம்பெனியிலும் இல்லை, வீட்டிலிருந்தே வேலை. வருட வருமானம் 14 லட்சத்தைச் சுற்றி. ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்ச வரம்புக்குக் கீழே. அப்பா மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கடன் தவணை, பைக் தவணை, டெர்ம் இன்ஷூரன்ஸ், கரண்ட் பில் எல்லாமே ஒரே சேமிப்புக் கணக்கில் இருந்து போகும். பின்னால் வந்த சிக்கலில் பாதி இந்த ஒரே கணக்கால் வந்தது.

வாடிக்கையாளர்களில் ஜெர்மனிக்காரர் வங்கி வழியாக யூரோ அனுப்புவார். நைஜீரியாவின் லாகோஸில் இருந்தவர் டெதரில் தருவார். ஒரு டெதர் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி வெளியிடப்படும் கிரிப்டோ. லாகோஸ்காரர் அதைத் தேர்ந்தெடுத்தது விளையாட்டுக்கு அல்ல. அந்த வருடங்களில் நைஜீரியாவில் டாலருக்குக் கடும் பஞ்சம். அந்நாட்டு நாணயமான நைரா கார்டை வைத்து வெளிநாட்டுக்குப் பணம் கட்டுவதை வங்கிகள் சுருக்கிக்கொண்டே வந்தன. 2021 பிப்ரவரியில் கிரிப்டோ சம்பந்தப்பட்ட கணக்குகளை மூடச் சொன்ன நைஜீரிய மத்திய வங்கி, 2023 டிசம்பரில்தான் அதைத் தளர்த்தியது. இரண்டே மாதம் கழித்து, நைராவின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று சொல்லி பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தின், அதிகாரிகளை அந்த அரசு பிடித்து வைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சின்ன வியாபாரி வெளிநாட்டு வடிவமைப்பாளருக்குக் கூலி கொடுக்க டெதர் ஒன்றுதான் கைக்கு எட்டிய வழி. நம்மவருக்கும் அதில் லாபம் இருந்தது. பணம் நிமிடத்தில் வரும், கமிஷன் கிடையாது, விற்கும்போது வங்கியின் டாலர் விலையைவிடச் சில ரூபாய் கூடுதலாகவே கிடைக்கும். “என் உழைப்புக் காசு என் கைக்கு நேராக வருது, நடுவுல யாருகிட்டயும் கேட்க வேண்டியதில்லை” என்பது அவர் வாதம்.

இந்தியாவில் கிரிப்டோ எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். சுற்றறிக்கை போன பின்பும் சில வங்கிகள் அதையே மேற்கோள் காட்டி வாடிக்கையாளர்களை மிரட்ட, இனி அதைக் காட்டாதீர்கள் என்று 2021 மே கடைசியில் ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டியிருந்தது. 2022 பட்ஜெட்டில் 30 சதவீத வரியும், விற்பனைத் தொகையில் முன்கூட்டியே பிடிக்கும் 1 சதவீத வரியான டி.டி.எஸ்-ஸும் வந்தன. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன, மத்திய நிதியமைச்சகத்தின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்வது கட்டாயமானது. வரி இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர், விற்கிறவருடைய உரிமை என்ன என்று சொல்லும் தனிச் சட்டம் இல்லை. அந்த இடைவெளியில்தான் நம்மவர் மாட்டினார்.

செப்டம்பர் விற்பனை

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் செயலியில் ஆளுக்கு ஆள் விற்கும் பகுதி இருக்கிறது. பீ டு பீ என்பார்கள். விற்கிறவரின் டெதரைத் தளம் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்குகிறவர் ரூபாயை நேராக விற்கிறவரின் வங்கிக் கணக்கில் போடுவார். பணம் வந்துவிட்டது என்று விற்கிறவர் பொத்தானை அழுத்தினால் டெதர் கைமாறும். ரூபாய் அந்தத் தளத்தின் வழியாகப் போவதே இல்லை. அது யாருடைய ரூபாய் என்று தளத்துக்கும் தெரியாது.

செப்டம்பர் மூன்றாவது வாரம் 1,250 டெதரை 89.60 ரூபாய் வீதம் விற்றார். மொத்தம் ரூ.1,12,000. வாங்கியவர் அந்தத் தளத்தில் பச்சை டிக் வாங்கிய, நூற்றுக்கணக்கில் வியாபாரம் செய்த ஆள். பணம் மூன்று துண்டாக வந்தது: 50,000, பிறகு 38,500, கடைசியாக 23,500. முதலும் மூன்றும் தளத்தில் இருந்த அதே பெயரில் வந்தன. நடுவில் உள்ள 38,500 மட்டும் வேறொரு ஆள் பெயரில் வந்தது. நம்மவர் கவனிக்காமல் இல்லை. சாட்டில் கேட்டிருக்கிறார்: “பெயர் வேறயா இருக்கே?” பதில் உடனே வந்தது: “லிமிட் முடிஞ்சுது ப்ரோ, தம்பி அக்கவுண்ட்ல இருந்து போட்டேன்.” இவர் பொத்தானை அழுத்திவிட்டார்.

பெயர் பொருந்தாத பணத்தை ஏற்காதீர்கள் என்று அந்தத் தளத்தின் விதியிலேயே இருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டு ஆர்டரை ரத்து செய்ய வழியும் இருந்தது. ஆனால் திருப்பி அனுப்பினால் அரை மணி நேரம் இழுக்கும், விலை இறங்கிவிடலாம். இந்தக் கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலானோர் அழுத்திவிடுகிறார்கள். முழு விவகாரத்திலும் அவர் தடுத்திருக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

கணக்கு முடங்கியது

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலையில் டீக்கடையில் யு.பி.ஐ. போகவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்தார். மத்தியானம் பைக் தவணை திரும்பியது. செயலியைத் திறந்தால் இருப்பு ரூ.4,71,000 காட்டுகிறது, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. வங்கியில் இருந்து எஸ்.எம்.எஸ். இல்லை, மெயில் இல்லை.

கிளையில் சொன்னது ஒரே வரி: “சைபர் கிரைம்ல இருந்து ஃப்ரீஸ் வந்திருக்கு சார், எங்க கையில ஒண்ணும் இல்ல, போலீஸ்ல பேசிக்குங்க.” எந்த ஊர் போலீஸ் என்று கேட்டதற்கு, ஒரு வடமாநிலத்தின் பெயரும் புகார் எண் ஒன்றும் துண்டுச் சீட்டில் எழுதித் தரப்பட்டன. அவர் அந்த மாநிலத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. அன்று மாலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். “பேங்க்ல கெடக்கறதுதானுங்க பத்திரம்னு இருந்தோம்” என்றார் பெரியவர். கிரிப்டோவைப் பற்றி அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது.

முதல் பத்து நாளில் தெரிந்தது

முதல் வேலையாக அவரை போலீஸுக்கு போன் போட வேண்டாம் என்று நிறுத்தினோம். என்ன உத்தரவு, யார் போட்டது, எவ்வளவு தொகைக்கு என்று தெரியாமல் பேசுகிறவர்கள் தேவையில்லாததை எல்லாம் சொல்லிவிடுவார்கள். கிளைக்கு எழுத்து மூலம் மனு கொடுத்தோம்: முடக்கத்துக்குக் காரணமான கடிதத்தின் நகல், தேதி, தொகை, விசாரணை அதிகாரியின் அலுவலக மெயில். வாய்ச்சொல்லுக்கு அசையாத கிளை, முத்திரை போட்டு வாங்கிய மனுவுக்கு ஒன்பதாம் நாள் பதில் தந்தது.

கதை இப்படி. அந்த மாநிலத்தில் ஒருவர் டெலிகிராமில் வந்த “வீட்டிலிருந்தே வேலை” மோசடியில் பணத்தை இழந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்திருக்கிறார். இந்த எண்ணில் புகார் பதிவானதும் தேசிய சைபர் குற்றத் தளம் வழியாகப் பணம் போன தடத்தை வங்கிகள் பின்தொடரும். முதல் கணக்கு, அதிலிருந்து போன இரண்டாம் கணக்கு, மூன்றாம் கணக்கு என்று லேயர் லேயராகப் பிரிப்பார்கள். நம்மவர் மூன்றாம் லேயர். அந்த 38,500, “தம்பி அக்கவுண்ட்” வழியாக வந்த மோசடிப் பணம். மோசடிக்காரர்கள் திருடிய ரூபாயை டெதராக மாற்றித் தப்பிவிட்டார்கள். ரூபாய் நம்மவர் கணக்கில் நின்றுவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்று கடிதத்தின் இரண்டாம் பத்தியில் இருந்தது. போலீஸ் கேட்டது 38,500 ரூபாயை நிறுத்தி வைக்க மட்டும்தான். கணக்கை முழுவதுமாக முடக்கச் சொல்லவே இல்லை. மீதி 4,32,500 ரூபாயையும் சேர்த்துப் பூட்டியது வங்கியின் சொந்த முடிவு. ஏன் என்று யாரும் எழுதித் தரவில்லை. எங்கள் ஊகம் எளிது: அதிகமாகப் பூட்டினால் ஊழியருக்குத் தண்டனை இல்லை, குறைவாகப் பூட்டினால் கேள்வி வரும்.

எதிராளி போலீஸ் அல்ல, வங்கிதான் என்று அந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் புரிந்தது.

முன்னால் இருந்த வழிகள்

இதற்கிடையில் அந்த வடமாநிலப் போலீஸில் இருந்து ஒரு அழைப்பு வந்துவிட்டது. பேசியவர் சப்-இன்ஸ்பெக்டர் என்றார். போலீஸ் வேஷத்தில் பேசிப் பறிக்கும் கும்பல்கள் திரிகிற காலம் என்பதால், எண்ணை நம்பாமல் அந்தக் காவல் நிலையத்தின் அலுவலக மெயிலுக்கு எழுதிக் கேட்டோம். உண்மையான அதிகாரிதான். சூரத்தில் சில வருடம் ஜவுளி வேலை பார்த்த ஒரு உறவினர் இந்தியில் பேசினார். அதிகாரி மரியாதையாகவே சொன்னார்: பாதிக்கப்பட்டவரின் கணக்குக்கு 38,500-ஐ அனுப்பிவிடுங்கள், ஆட்சேபம் இல்லை என்று கடிதம் தருகிறேன், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

நம்மவர் அனுப்பிவிடத் தயாராக இருந்தார். “போனா போகுது சார், நாலே முக்கால் லட்சம் சிக்கியிருக்கு” என்றார். இதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டோம். இப்படிக் கட்டிவிட்டு விடுபட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் கலந்து பேசிய வக்கீல் தடுத்தார். நீதிமன்ற உத்தரவு இல்லாமல், போனில் சொன்ன கணக்குக்குப் பணம் போட்டால், குற்றத்தில் பங்கை ஒப்புக்கொண்டதாக நாளைக்கு யாராவது வாசிக்கலாம். அதே வாங்குநரின் இன்னொரு 50,000 மேல் வேறு மாநிலத்தில் புகார் இருந்தால், அதற்கும் இதேபோல் கட்ட வேண்டி வரும். மூன்றாவது, டெதரும் போய், ரூபாயும் போனால் இவர்தான் கடைசியில் ஏமாந்தவர். பணத்தைத் திருப்பிக் கொடுத்த கணத்தில் அந்த நிலையை நிரூபிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது அடுத்த வழி. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. வங்கிக் கணக்கைச் சொத்தாகக் கருதி முடக்கப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. அந்த அதிகாரம் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் இருக்கிறது. முடக்கியதும் தாமதம் இன்றி மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதே பிரிவில்தான். சந்தேகத் தொகை இவ்வளவு என்று தெரிந்திருக்கும்போது மொத்தக் கணக்கையும் பூட்டக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருந்தன. ஜெயிக்கும் வழக்குதான். ஆனால் செலவும் சென்னைப் பயணமும் சேர்ந்தால், தகராறுத் தொகையைவிட அதிகமாகும்.

எனவே ரிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் வங்கியின் மேல்மட்டத்துக்கு எழுதுவது என்று முடிவானது.

எழுதியதும் நடந்ததும்

நவம்பர் 25 அன்று வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மனு போனது. போலீஸ் கடிதத்தின் அந்த இரண்டாம் பத்தி, நீதிமன்றங்கள் சொன்னது, 38,500-ஐ நிறுத்தி வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் அதில் இருந்தன. இந்த உறுதிதான் வேலை செய்தது என்று நினைக்கிறோம். எல்லாவற்றையும் விடு என்று கேட்டிருந்தால் வங்கி போலீஸைக் காட்டி ஒதுங்கியிருக்கும்.

கூடவே ஒரு ஆவணக் கட்டு: செயலியில் இருந்து இறக்கிய ஆர்டர் விவரம், சாட்டின் ஸ்கிரீன்ஷாட், மூன்று பணவரவின் யு.டி.ஆர். எண்கள் (வங்கிப் பரிவர்த்தனைக்குரிய எண்கள்), டெதர் வந்த வாலட்டின் (கிரிப்டோ வைக்கும் டிஜிட்டல் பை) முகவரி, லாகோஸ் வாடிக்கையாளருக்குப் போட்ட இன்வாய்ஸ். இதே கட்டு விசாரணை அதிகாரிக்கும் மெயிலில் போனது. “தம்பி அக்கவுண்ட்” என்று எழுதிய சாட்டை அனுப்பலாமா என்று நம்மவர் தயங்கினார். அவருக்குச் சந்தேகம் வந்ததை அது காட்டும். ஆனால் ஏமாற்றியவரின் சொல்லும் அதில்தான் இருந்தது, தளத்தில் அந்த ஆளின் கே.ஒய்.சி-க்குப் போகும் நூலும் அதுதான். அனுப்பினோம்.

முப்பது நாள் பதில் இல்லை. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் போக முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அங்கே ஒரு முட்டுக்கட்டையும் உண்டு: சட்ட அமலாக்க அமைப்பின் உத்தரவுப்படி வங்கி எடுத்த நடவடிக்கையை ஓம்புட்ஸ்மன் விசாரிக்க மாட்டார். வங்கி உத்தரவைத் தாண்டிப் போயிருக்கிறது, ஆகவே விலக்கு பொருந்தாது என்று வாதத்தை அமைத்து, வரைவை அப்படியே வங்கிக்கு அனுப்பி, ஒரு வாரம் அவகாசம் தந்தோம். ஜனவரி 8 அன்று கணக்கு திறந்தது. 38,500 மட்டும் எடுக்க முடியாதபடி பிடித்து வைக்கும் லியனில் நின்றது.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வீட்டுக் கடன், பைக் இரண்டிலும் தவணை தவறி கிரெடிட் ஸ்கோர் இறங்கியது. அபராத வட்டி வந்தது. இன்ஷூரன்ஸ் கருணைக் காலத்துக்குள் அப்பாவின் கணக்கில் இருந்து கட்டப்பட்டது. வங்கி எதற்கும் ஈடு தரவில்லை, கேட்டதற்கு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

வரிக் கணக்கு

கணக்கு திறந்த பிறகு வருமான வரிப் பக்கம் வந்தோம். டெதராக வந்த கூலி, வந்த நாளின் ரூபாய் மதிப்பில் தொழில் வருமானம். அதே மதிப்பு டெதரின் அடக்க விலையாகும். விற்கும்போது கிடைத்த கூடுதல் லாபம் மட்டும் 115பிபிஹெச் பிரிவில் 30 சதவீதத்துக்குப் போகும். அந்த வருடம் டெதரில் இப்படிச் சேர்ந்த லாபம் ரூ.19,000. வேறொரு காயினில் அவர் ரூ.64,000 இழந்திருந்தார். சாதாரணக் கண்ணுக்கு இது 45,000 நஷ்டம். சட்டத்துக்கு 19,000 லாபம். ஒரு கிரிப்டோவின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வரி 5,700, செஸ் 228, ஆக ரூ.5,928 கட்டினார். 38,500-ஐ இழப்பாகக் காட்ட முடியுமா என்று கேட்டார். பணம் இன்னும் அவர் கணக்கில்தான் இருக்கிறது, முடிவாகும் வரை முடியாது என்றோம்.

கட்டியபோது அவர் சொன்னது இங்கே பதிவாக வேண்டும்: “வரி வாங்கும்போது இது வருமானம். நான் மாட்டிக்கிட்டா இது சந்தேகப் பணம்.” கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறோம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், ஹேக் செய்யப்பட்ட வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ தளத்தில் மாட்டிய முதலீட்டாளர் ஒருவரின் வழக்கில், கிரிப்டோ நாணயம் அல்ல, ஆனால் சொத்து, அதை இன்னொருவர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்றார். நம்மவர் விவகாரத்துக்கு அது நேராகப் பொருந்தாது. இங்கே முடங்கியது ரூபாய்.

இப்போது மாறியிருப்பவை

கணக்குகளைப் பிரித்துவிட்டார். தவணைகள் போகும் கணக்குக்கு கிரிப்டோ பணம் வருவதில்லை. நாங்கள் கிரிப்டோ வைத்திருக்கும் எல்லா வாடிக்கையாளரிடமும் முதலில் சொல்வது இதுதான். பீ டு பீ-யை விட்டு, நிதி உளவுப் பிரிவில் பதிவான இந்திய எக்ஸ்சேஞ்சில் விற்கிறார். அங்கே ரூபாய் எக்ஸ்சேஞ்சிடம் இருந்து வரும், முகம் தெரியாத ஆளிடம் இருந்து வராது. வெளியில் இருந்து வரும் டெதரை எல்லா எக்ஸ்சேஞ்சும் ஏற்பதில்லை. ஏற்பவையும் அனுப்பியது யார் என்று கேட்கின்றன. 1 சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள், அதை ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம். விலையும் முன்பு கிடைத்த அளவுக்கு இல்லை. பாதுகாப்புக்கு அவர் கொடுக்கும் விலை அது.

இனி இப்படி ஒருவர் வந்தால் நாங்கள் முதல் நாளே போலீஸ் கடிதத்தின் நகலைக் கேட்டு கிளைக்கும் நோடல் அதிகாரிக்கும் ஒரே நேரத்தில் எழுதுவோம். கிளையின் பதிலுக்காக ஒன்பது நாள் காத்திருக்கத் தேவையில்லை. தகராறுத் தொகையை நிறுத்தி வைக்கலாம் என்ற உறுதியை முதல் கடிதத்திலேயே சேர்ப்போம்.

லாகோஸ்காரருடன் வேலை தொடர்கிறது, டெதரும் வருகிறது. இதில் எங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வெளிநாட்டுக்குச் செய்த வேலைக்கான பணம் அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாக வர வேண்டும் என்பது அன்னியச் செலாவணிச் சட்டம். ஜி.எஸ்.டி-யிலும் சேவை ஏற்றுமதி என்ற சலுகைக்குப் பணம் அன்னியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த ரூபாயாகவோ வந்திருக்க வேண்டும். டெதர் இரண்டிலும் சேராது என்பது எங்கள் வாசிப்பு. வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும் வருடம் இது பெரிய தொகையாக வந்து நிற்கும். எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, லாகோஸில் வங்கி வழி சரியாகும் வரை இப்படித்தான் என்றார். 38,500 ரூபாயை விடுவிக்க அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட் முன் மனு நிலுவையில் இருக்கிறது. வக்கீல் அங்கேயே உள்ளவர், இதுவரை அவருக்குக் கொடுத்தது 12,000.